எவர் பொருள், எவர் பணயம்?

மட்டக்களப்பு வாவியின் தென்கோடியை அடுத்த பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் கோயில் உற்சவம் பாரதக் கதையை ஆண்டுதோறும் மக்கள் கண்முன் நிறுத்துகின்றது. வனவாசமும் தீமிதிப்பும் அவ்விழாவின் முக்கிய கூறுகளாம். அவ்வனவாசத்துக்கு வித்திட்டது சூது. தன்னையே முன்னர் தோற்றுவிட்ட ஒருவனுக்குப் பிறரைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்று திரௌபதை சபையில் வினவினாள். வீடுமன் முதலான மூத்தோர் அதற்குத் தெளிவான விடை பகர்ந்திலர். அவ்வினா இன்றைய விளையாட்டுப் பந்தயங்களுக்கும் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

அமெரிக்கக் கல்லூரிகளின் உதைபந்தாட்டத்திலும் கூடைப்பந்தாட்டத்திலும் வழங்கும் பந்தயமுறை நுட்பமானது. வலிய அணி வெல்லுமா என்று அங்கு கேட்கப்படுவதில்லை. எத்தனை புள்ளிகளால் வெல்லும் என்றே கேட்கப்படுகின்றது. வித்தியாசம் ஏழு புள்ளிகள் என நிர்ணயிக்கப்பட்டால், வலிய அணியின்மீது பணம் வைத்தவன் அவ்வணி ஏழுக்கு மேற்பட்ட புள்ளிகளால் வென்றாலன்றிப் பயனடையான். மூன்று புள்ளிகளால் வென்றால் அணிக்கு வெற்றி, அவனுக்கோ தோல்வி. இருபுறமும் பணம் ஏறத்தாழச் சமமாகச் சேரவும், பந்தயம் நடத்துவோன் தன் தரகைத் தப்பாது பெறவும் இம்முறை வழிசெய்கின்றது. 2018 ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின்னர், பல மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கியுள்ளன.

வெற்றியும் பந்தயமும் இவ்வாறு பிரிந்தமையால் புதியதொரு சோதனை பிறந்தது. தோற்குமாறு வீரனை வேண்டத் தேவையில்லை; குறைவாக வெல்லுமாறு வேண்டினாலே போதும். 1950 இல் இரு பெரும் தேசியப் போட்டிகளிலும் வாகைசூடிய நியூயோர்க் நகரக் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட வீரர் சிலர், பணம் பெற்றுப் புள்ளிகளைக் குறைத்த குற்றத்தின்பேரில் 1951 இல் கைதாயினர். 2010 இல் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானின் பந்துவீச்சாளர் இருவர் முன்னேற்பாட்டின்படி முறையற்ற பந்துகளை வீசியமையும் இவ்வினத்ததே.

இத்தகையோர்க்கு ஒரு சமாதானம் உண்டு. அணி வென்றுவிட்டது, பணத்தை இழந்தவர் சூதாடிகளே, ஆகவே தீங்குற்றவர் எவர்? இவ்வாதம் முதற்பார்வைக்கு வலிதாகத் தோன்றினும் நிலைபெறாது. ஆட்டம் என்பது, இயன்றவரை முயல்வோம் என்று இருதரப்பாரும் பேசாமற் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகும். புள்ளிகள் அம்முயற்சிக்குச் சாட்சி. அவற்றைக் குறைப்பவன் பொய்ச்சாட்சி கூறுகின்றான். மேலும், அவன் விற்பது தன் முயற்சியை மாத்திரமன்று; தோழரின் முயற்சியையும் அவர் அறியாமலே விற்கின்றான். திரௌபதையின் வினா அவனையே நோக்கி எழுகின்றது.

ஆயின், தன் பணத்தை மாத்திரம் வைத்து நேர்மையாகப் பந்தயம் பிடிப்பவன் குற்றவாளியா? அவனைக் கள்வனெனல் தகாது. எனினும் அவனுள்ளத்தில் நிகழும் மாற்றம் கருதத்தக்கது. தன் கல்லூரி வெல்லும் வேளையிலும், அது இன்னும் ஓரிரு புள்ளிகளால் வெல்லவில்லையே என்று அவன் வெதும்புகின்றான். அணியின் மகிழ்ச்சியிலிருந்து அவன் மகிழ்ச்சி பிரிந்துவிடுகின்றது.

மட்டக்களப்புக் கிராமங்களில் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டை இதனோடு ஒப்பிடலாம். ஊரவர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, ஒன்றோடொன்று பிணைத்த கொம்புகளை இழுப்பர். ஒரு கொம்பு முறிந்தவுடன் வெற்றி துலங்கும்; எத்தனை முழத்தால் வென்றார் என்ற கணக்கு அங்கில்லை. தோற்றாரை வென்றார் வசைபாடுவர்; அது பகையாக முற்றவும் கூடும். எனினும் இழுப்பவனும் மகிழ்பவனும் ஒரே பக்கத்தவர். இருசாராரும் வேண்டுவது ஒரே அம்மனின் அருளையே.

சூதில் வரும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு வள்ளுவர் ஒப்பிட்டார். வாவிக்கரையில் வாழ்வார்க்கு அவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. இலங்கையின் 2019 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கச் சட்டம் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கி, முயற்சியை விற்பவனையும் அவனுக்கு விலைபேசுபவனையும் தண்டிக்கின்றது. ஆனால், பிறர் வியர்வையை எண்ணாக மாத்திரம் காணப் பழகிய கண்ணைச் சட்டம் திருத்தமாட்டாது. அக்கண்ணுடையார் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்: பணயமாக வைக்கப்பட்டிருப்பது உண்மையில் எவருடையது?