ஈ.சி.ஜி.யும் ஆப்த வாக்கியமும்

காஞ்சிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியும் வராகீசுவரர் கோயிலும் உடைய தாமலில், நெஞ்சுவலி கண்டவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பியவர்கள் ‘ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்துவிட்டது’ என்று ஆறுதலாகச் சொல்லும்போது, அப்படிச் சொன்னவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. தாளின் மேற்புறத்தில் அச்சாகும் அவ்வரி இயந்திரம் தானே எழுதிக்கொண்டது. மருத்துவர் இன்னும் உறுதி செய்யவில்லை என்று அதுவே பக்கத்தில் அடக்கத்தோடு குறித்துவைப்பதை நாம்தான் படிப்பதில்லை.

நியாய மதத்தினரான நையாயிகர்கள் அனுமானத்தையும் சப்தத்தையும் வெவ்வேறு பிரமாணங்களாக, அதாவது அறியும் வழிகளாக, வைத்தார்கள். சைவ சித்தாந்திகளும் காட்சி, கருதல், உரை என்று பிரித்தே பேசினார்கள். மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று துணிவது அனுமானம். ஒரு விஷயத்தை உள்ளபடி அறிந்து, அறிந்தபடியே பிறர்க்குச் சொல்ல விரும்பும் ஆப்தனின் வாக்கு சப்தம். அலைகளின் உயரத்தையும் இடைவெளியையும் அளந்து கணினி செய்வது முன்னதே. அந்த அனுமானத்தை ஆப்த வாக்கியமாக ஏற்றுக்கொள்ளும் பிரமை நம்முடையது.

அனுமானமோ, அதற்கு ஆதாரமான ஹேது கெட்டால் கெடும். நடுங்கும் கையின் தசைத்துடிப்பு, இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பதுபோல் பதிவாகி இயந்திரத்தை மயக்குவதுண்டு. வலக்கைக் கம்பியையும் இடக்கைக் கம்பியையும் மாற்றி மாட்டிவிட்டால், முதல் லீடின் அலைகள் தலைகீழாகி, இதயமே வலப்புறம் இருப்பதாகத் தோன்றும். மார்பின்மேல் வைத்த லீடுகளில் ‘ஆர்’ அலை வழக்கம்போல் படிப்படியாக உயர்ந்து வருவதைக் காணும் தேர்ந்த மருத்துவர், இதயத்தைச் சந்தேகிக்காமல் கம்பியைச் சந்தேகிப்பார். (இக்காலத்து நிரல்கள் சிலவும் இதைக் கண்டுகொள்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

மருத்துவரும் சர்வக்ஞர் அல்லர். பெல்ஜியத்து யோஸ் வில்லெம்ஸும் பிறரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், 1,220 பேரின் பதிவுகளை 9 நிரல்களும் 8 இதய நிபுணர்களும் படித்தனர். சரியான முடிவுகளின் இடைநிலை அளவு நிரல்களுக்கு 69.7 சதவீதம், நிபுணர்களுக்கு 76.3. இந்த வித்தியாசத்தைவிட என் சிந்தையைக் கவர்வது வேறொன்று: எது சரி என்று தீர்த்தவை, அப்பதிவுகளுக்குப் புறம்பான மருத்துவச் சான்றுகளே.

காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோனுக்கு, நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலைப் பற்றி ஈசனே கனவில் சொன்னான் என்கிறது பெரிய புராணம். அதனினும் உயர்ந்த ஆப்த வாக்கியம் எது? இருந்தும் மன்னன் நேரே போனான்; அப்படியொரு கோயில் இங்கில்லை என்று ஊரார் சொன்ன பின்பும் திரும்பிவிடாமல், பூசலாரிடமே சென்று கேட்டான்; அவர் நெஞ்சுக்குள் கட்டியதை அவர் வாயாலேயே அறிந்தான். வலி எப்போது தொடங்கியது, தோளுக்குப் பரவுகிறதா, வியர்த்ததா என்று படுத்திருப்பவரைக் கேட்கும் மருத்துவரும் அவ்வழியே போகிறார். மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் பதிவு பழுதின்றியே இருக்கக்கூடும் என்பதால், தாளில் ‘நார்மல்’ என்றிருந்தாலும் அவர் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி, இரத்தத்தில் இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் அளவையும் பார்க்கிறார்.