ஜன்னலை மாற்றுவது பற்றி

எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னல் தேக்கில் செய்தது. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது. அடிச்சட்டத்தில் தண்ணீர் தங்கும் மூலையை விரலால் அழுத்தினால் மரம் பொடியாக உதிர்கிறது. வந்து பார்த்த தச்சர், இற்றுப்போன பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுக்கட்டை சேர்க்கலாம் என்றார். அந்தக் கூலியோடு இன்னும் கொஞ்சம் போட்டால் யூபிவிசி ஜன்னலே வைத்துவிடலாம் என்றான் தம்பி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் பழுது பார்க்கும் கட்சி.

என் கட்சிக்கு நியாயங்கள் இல்லாமலில்லை. மர ஜன்னலில் ஒரு சட்டத்தின் முனை அடுத்ததன் துளைக்குள் செருகப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் கழற்றி மாற்ற முடியும். பழுதுபடும் என்று ஒப்புக்கொண்டே செய்த பொருள் அது. யூபிவிசி சட்டத்தின் மூலைகள் உருக்கி ஒட்டப்பட்டவை. நகரும் கதவு இரண்டு வைத்தால் ஜன்னலில் பாதிதான் திறக்கும். தம்பி சொல்வதும் சரியே: அது உப்பாது, கறையான் தின்னாது, வர்ணம் கேட்காது.

இந்த மாதிரி விவாதத்தில் தீசியஸின் கப்பல் வராமலிருக்காது. ஏதென்ஸ்காரர்கள் அதன் பழைய பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி வந்தார்கள் என்றும், அது அதே கப்பல்தானா என்பது தத்துவவாதிகளின் தீராத வழக்கு என்றும் புளூட்டார்க் எழுதினார். கழற்றிய பலகைகளைச் சேர்த்துவைத்து ஒருவன் மறுபடி கட்டினால் எது அசல் என்று 1655ல் ஹாப்ஸ் கேட்டார். இரண்டு புதிர்களிலும் விட்டுப்போனது, அந்தக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது என்கிற விஷயம். ஆண்டுதோறும் அது நேர்த்திக்கடனாக டீலோஸ் தீவுக்குப் போய்வர வேண்டும்; திரும்பும்வரை ஊரில் மரண தண்டனை கூடாது. கி.மு. 399ல் சாக்ரடீஸுக்குத் தீர்ப்புக்கும் விஷத்துக்கும் இடையே நாட்கள் கிடைத்தது இதனால்தான் என்கிறார் பிளேட்டோ. பலகை மாற்றியது நேர்த்திக்கடன் தவறாமலிருக்க. அசலா நகலா என்ற கேள்வி கரையில் நின்றவர்களுடையது.

நானும் கரையில் நின்றவன்தான். கட்டடங்களை ஒழுங்காகக் கவனித்து வந்தால் புதுப்பிக்கும் தேவையே வராது என்று 1849ல் ரஸ்கின் எழுதியதை எப்போதோ படித்தவன். ஆனால் வர்ணம் பூசாமல், கீலுக்கு எண்ணெய் விடாமல் வருஷக்கணக்கில் விட்டிருந்தேன். என் பற்று, மரம் இற்ற பிறகு வந்த பற்று. இத்தனை மழைக்காலங்களிலும் அதைத் தோளால் முட்டி மூடியதும், இடுக்கில் பழந்துணி திணித்ததும் அம்மா. என் ரசனைக்கான கூலியை அவள் கொடுத்துவந்திருக்கிறாள். மரபு பற்றி எழுதுகிற நம்மில் பலருக்கும் இந்த வசதி உண்டு. காப்பாற்றச் சொல்வோம், தினமும் திறந்து மூடுவது வேறு யாராவது.

பழுது பார்ப்பது ஒரே நாளில் முடிகிற காரியமாகத் தோன்றுகிறது. உண்மையில் அது, இனி கவனிப்பேன் என்று கொடுக்கிற வாக்கு. அதைக் கொடுக்க முடியாதவன் மாற்றிவிடுவதே நேர்மை. புது ஜன்னல் கவனிப்பிலிருந்து விடுதலை தருகிறது. அம்மாவுக்கு அந்த விடுதலை வேண்டுமென்றால் மறுக்க எனக்கு உரிமை கிடையாது.

பிந்தித்தான் அவளைக் கேட்டேன். "எதுவா இருந்தாலும் ஒரு கையால மூடற மாதிரி இருக்கணும்" என்றாள்.

தச்சர் அடிச்சட்டத்தை மாற்றி, ஓரத்தை இழைத்து, புதுக் கீல் போட்டுக் கொடுத்தார். புதுக்கட்டை நிறத்தில் சேராமல் தனியாகத் தெரிகிறது. வருஷா வருஷம் வர்ணம் என் பொறுப்பு என்று ஏற்பாடு. ஐப்பசி அடைமழையில் அம்மாவின் ஒரு கைக்கு அது மூடாவிட்டால், தம்பி சொன்னதுதான்.