மிச்சம் யாருடைய பங்கு?

சிக்கனம் ஓர் அறமா? அல்லது நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒன்றுபோலக் கைகொடுக்கும் சாமர்த்தியம் மட்டும்தானா? ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பர்சேஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செலவைக் குறைப்பதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். அதனால் இந்தக் கேள்வி என்னை விட்டுப் போனதே இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகள் அதை இந்த ஆண்டு ஒரு தீவின் பெயரால் திரும்பக் கிளப்பிவிட்டாள்.

அவளும் மாப்பிள்ளையும் இரண்டு பிள்ளைகளுமாக மயாமியில் கப்பல் ஏறி, நான்கு இரவுப் பயணம் போகத் திட்டம். நடுவில் ஒரு பகல் பஹாமாசில் உள்ள கோகோகே தீவில். "சித்தப்பா, கப்பல் டிக்கெட் கூடப் பரவாயில்லை. அந்த ஒரு நாள் தீவுச் செலவை நெனச்சாத்தான் பகீர்னு இருக்கு. நீங்க உக்காந்து ஒரு கணக்கு போட்டுக் குடுங்க" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அதற்காக அந்தத் தீவைப் பற்றிப் படிக்க வேண்டியிருந்தது. கப்பல் கம்பெனிகள் தங்களுக்கென்று தீவு வைத்துக்கொள்ளும் பழக்கம் 1977-ல் நார்வீஜியன் கம்பெனி கிரேட் ஸ்டிரப் கே தீவைப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பக்கத்துத் தீவான லிட்டில் ஸ்டிரப் கேயைத்தான் ராயல் கரீபியன் கம்பெனி கோகோகே என்று அழைக்கிறது. 25 கோடி டாலர் செலவில் அதைப் புதுப்பித்து 2019-ல் திறந்தார்கள். அங்கே ஊர் கிடையாது, சந்தை கிடையாது. கப்பலில் வந்தவர்கள்தான் ஜனம். கம்பெனி வைத்ததுதான் கடை. மணல், கடல், படுக்கை நாற்காலி, பெரிய நன்னீர்க் குளம், மதியச் சாப்பாடு, துண்டு எல்லாம் டிக்கெட்டுக்குள் அடக்கம். சறுக்குக் கோபுரங்கள் உள்ள நீர்ப் பூங்காவுக்குத் தனிச் சீட்டு. விலை நாளுக்கு நாள் மாறும், தலைக்கு நூறு டாலரைத் தாண்டுவதும் உண்டு. கோகோ பீச் கிளப் என்ற தனிக் கடற்கரைக்கு இன்னொரு சீட்டு. அங்கே தண்ணீருக்கு மேல் கட்டிய குடிலை ஒரு பகலுக்கு வாடகைக்கு எடுக்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். 2024-ல் பெரியவர்களுக்கு மட்டும் என்று மற்றொரு கட்டணக் கரையும் சேர்ந்தது.

என் தாளில் மூன்று பத்தி போட்டேன். முதல் பத்தி, வேண்டாததை வாங்காமல் விடுவது: குடில், கிளப், நீர்ப் பூங்கா, பலூன் சவாரி. இரண்டாவது, ஏற்கெனவே கொடுத்ததை முழுதாகப் பயன்படுத்துவது: கப்பல் துறை சேர்ந்ததும் முதலில் இறங்கி நிழலில் நாற்காலி பிடிப்பது, இலவசச் சாப்பாட்டைக் கரையிலேயே முடித்துக்கொள்வது, தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் நிரப்பிக்கொள்வது, முக்குளிக்கும் கண்ணாடியையும் குழாயையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போவது, துண்டை மறக்காமல் திருப்பிக் கொடுப்பது, தொலைத்தால் அதற்கும் பணம் பிடிப்பார்கள்.

மூன்றாவது பத்தியை அவள் சொல்லித்தான் எழுதினேன். கப்பலில் அறை துடைப்பவர், சாப்பாடு பரிமாறுபவர் ஆகியோருக்காக ஒவ்வொரு பயணியின் கணக்கிலும் நாளுக்கு 18 டாலருக்கு மேல் அன்பளிப்பு என்று ஏறிவிடும். நான்கு பேருக்கு நான்கு இரவு என்றால் 300 டாலரை நெருங்கும். கவுன்ட்டரில் கேட்டால் அதை நீக்கிவிடுவார்களாம், பலர் நீக்கிக்கொள்கிறார்களாம். "அது ஒண்ணை எடுத்தாலே பெரிய மிச்சம் சித்தப்பா" என்றாள்.

தாளில் மூன்றும் ஒரே மாதிரி மிச்சம்தான். கூட்டினால் டாலருக்கு டாலர் சமம். ஆனால் முதல் இரண்டு பத்திகளில் மிச்சமாவது நம் ஆசையிலிருந்து, நம் கவனத்திலிருந்து வருகிறது. மூன்றாவதில் அது இன்னொருவர் தட்டிலிருந்து வருகிறது. அறம் தொடங்கும் இடம் இந்தப் பிரிவுதான் என்று நான் நம்புகிறேன். எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பிள்ளை கேட்பான். யாருடைய பங்கு மிச்சமானது என்று கேட்பவன்தான் சிக்கனக்காரன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தொழிற்சாலை. கார் உலகத்தில் ஆண்டுதோறும் 'காஸ்ட் டவுன்' வரும். மேலே இருக்கும் கம்பெனி எங்களிடம் விலையைக் குறைக்கச் சொல்லும்; நாங்கள் எங்கள் வென்டரிடம் சொல்வோம். குறைக்க நல்ல வழிகள் எத்தனையோ உண்டு. அட்டைப் பெட்டிக்குப் பதிலாகத் திரும்பி வரும் பிளாஸ்டிக் பெட்டி வைக்கலாம். டையை மாற்றி ஸ்கிராப்பைக் குறைக்கலாம். காலியாகத் திரும்பும் லாரியில் ஏதாவது ஏற்றலாம். இதிலெல்லாம் மிச்சமாவது வீண். வீணுக்கு வயிறு கிடையாது; அதைக் குறைத்தால் யாரும் பசியோடு படுக்கப் போவதில்லை. குறுக்கு வழியும் உண்டு. விலையை மட்டும் அடித்துவிட்டு, வென்டர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்காமல் இருப்பது. அவர் கான்ட்ராக்ட் ஆட்களின் ஓ.டி.யில் கை வைப்பார், ஷிப்ட் பஸ்ஸை நிறுத்துவார், கேன்டீன் குழம்பில் தண்ணீர் கூடும். எங்கள் ஷீட்டில் இரண்டும் ஒரே பச்சை நிறத்தில்தான் தெரியும். நிறத்தைப் பார்த்துப் பாராட்டுபவருக்கு வித்தியாசம் தெரியாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நிற்கும் பையனுக்குத் தெரியும்.

அப்படியானால் செலவே செய்யாமல் இருப்பது புண்ணியமா? இல்லை. அதே ராயல் கரீபியன் கம்பெனி ஹைட்டி நாட்டின் வடகரையில் லபாடி என்ற இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு, 1986 முதல் பயணிகளை இறக்கி வந்தது. 2010 ஜனவரி 12-ல் ஹைட்டியில் நிலநடுக்கம். தலைநகர் இடிந்து விழுந்து பெருங்கூட்டமாக மக்கள் செத்தார்கள். மூன்றே நாளில் ஒரு சொகுசுக் கப்பல் லபாடியில் வந்து நின்றது. நிவாரண அரிசியும் தண்ணீரும் அதே கப்பலில்தான் வந்து இறங்கின. பிணங்களை எடுத்து முடியாத நாட்டில் வேலிக்குள் வெயில் காய்வதா என்று உலகமெங்கும் வாக்குவாதம். கப்பலை விட்டே இறங்க மனம் வராதவர்கள் இருந்தார்கள். அவர்கள் மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் பையில் தங்கிய டாலரால் ஹைட்டியில் ஓர் அடுப்பும் எரிந்திருக்காது. இறங்கிப் போய், அங்கே கைவினைப் பொருள் விற்கும் உள்ளூர்க்காரரிடம் பேரம் பேசாமல் ஒரு மரப் பொம்மை வாங்கியவர் செய்தது அந்த நேரத்துக்குரிய அறம். சில நாளில் செலவுதான் கடமை. அங்கே சிக்கனம் பிடித்தால் அது திருட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

சிக்கனமும் செலவும் பற்றிய இந்த எண்ணத்துக்கு வேர் எங்கள் சாலையிலேயே இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் தொடங்கி ஒரகடம் வழியாகப் போகும் சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். மரபுக் கணக்கில் 1017. இன்று அந்தச் சாலை நெடுகக் கன்டெய்னர் லாரிகள். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளை உலகத்துக்குச் சொன்ன ஒரு விஷயம் எந்தப் பர்சேஸ் ஆபீஸிலும் மாட்டி வைக்கத் தகுந்தது. இந்த உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல். அவன் உடையவன், நாம் உடைமை. பிறருடைய மேன்மைக்கு உதவுவதே தன் இயல்பாகக் கொண்டதைச் சேஷம் என்பார் அவர்; ஒவ்வொரு உயிரும் இறைவனுக்குச் சேஷம். இதை ஏற்றுக்கொண்டால் பணத்தின் மீது நமக்குள்ள உரிமையே மாறிப்போகிறது. என் பணம், என் மிச்சம் என்று சொல்ல முடியாது. ஒப்படைத்த பணத்துக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்புதான் நமக்கு உண்டு. வீண் செலவு செய்தால் உடையவன் பொருளை அழித்தவன் ஆகிறேன். கூலியைப் பிடித்தால் உடையவன் உடம்பிலேயே கை வைத்தவன் ஆகிறேன். சிக்கனத்தையும் ஈகையையும் ஒரே கணக்கில் கொண்டுவரும் தத்துவம் எனக்குத் தெரிந்து இதுதான்.

அவர் திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்துபோய் வாங்கிய திருமந்திரத்தை, தனக்கு நரகம் வந்தாலும் சரி என்று கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்ன கதை ஊரறிந்தது. நான் அதைப் பக்திக் கதையாக மட்டும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஆக வேண்டிய ஒன்றுக்கு வேலி போடக் கூடாது என்பது அதில் உள்ள நீதி. மந்திரத்துக்கு அது பொருந்தும் என்றால் கடலுக்குப் பொருந்தாதா?

எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் அதைக் கண்ணால் காணலாம். மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் தரையில் படுத்திருக்கிறார், பாம்பணை கிடையாது. கடல்நீரை இறைத்துவிட்டுப் பாற்கடலுக்குப் போய்த் தாமரை சாத்த வேண்டும் என்று புண்டரீக முனிவர் இரவு பகலாக இறைத்துக்கொண்டிருந்தாராம். பெருமாள் கிழவராக வந்து பசிக்கிறது என்றார். முனிவர் சோறு கொண்டுவரப் போனார். திரும்பி வந்தால் பூவை எல்லாம் தானே சூடிக்கொண்டு பெருமாள் வெறும் தரையில் கிடக்கிறார். பக்தன் அவ்வளவு தூரம் வரத் தேவையில்லாமல் கரைக்கே வந்து படுத்த தெய்வம். அந்தக் கரைக்கு எவர் குடில் வாடகை கேட்பது?

மாசி மகத்தன்று அந்தப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருள்வார். அதே பௌர்ணமிக்குப் பல ஊர்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மாமல்லபுரம் மணலுக்கு வந்துவிடுகின்றன. கம்பு நட்டுச் சேலையும் துணியும் கட்டிக் கூடாரம் போட்டு, கல் கூட்டிச் சமைத்து, இரவு முழுவதும் கடற்கரையில் இருப்பார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மாளை வீட்டுக்குக் கூப்பிட வந்தவர்கள் அவர்கள். விடியற்காலையில் மணலில் ஏழு படி அமைத்து, பூ வைத்துக் கும்பிடுவார்கள். அங்கேயே பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, பிள்ளைக்கு மொட்டை அடிப்பது. இந்த மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர் பலர். பிறர் மிச்சம் பிடித்ததற்குத் தங்கள் உடம்பால் விலை கொடுத்தவர்கள். யாரையும் கேட்காமல் அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடிய செல்வம் ஒன்று இன்னும் இருக்கிறது, அது கடற்கரை. அதையும் சீட்டுப் போட்டு விற்றுவிட்டால் கன்னியம்மாளை அவர்கள் எந்த வாசலில் நின்று கூப்பிடுவார்கள்?

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. பியாஸ் ஆற்றங்கரை விடுதி வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு ஆகியவற்றை அரசு மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கிறது, தனியாருக்குத் தாரை வார்க்க முடியாது என்று சொன்னது. பழைய ரோமச் சட்டமும் காற்றையும் கடலையும் கரையையும் எல்லோருக்கும் பொது என்றே வைத்தது. ராமானுஜர் இறைவனை உடையவன் என்றார். நீதிபதிகள் மக்களைச் சொன்னார்கள். கையில் வைத்திருப்பவன் காவலன் மட்டுமே என்பதில் இருவருக்கும் பேதமில்லை.

கப்பல் கம்பெனி பணம் போட்டிருக்கிறது, துறை கட்டியிருக்கிறது, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது, அது சம்பாதிக்கக் கூடாதா என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. கட்டிய சறுக்குக்கும் சமைத்த சோற்றுக்கும் விலை வாங்கட்டும். அது உழைப்பின் விலை. ஆனால் ஒரே மணலைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் நிற்பவனுக்குத் தான் ஏதோ குறைந்தவன் என்று தோன்றச் செய்து, அந்தத் தோற்றத்துக்கு ஒரு விலை வைக்கிறார்களே, அதை வாங்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதுதான் முதல் சிக்கனம். கோவிலில் சிறப்புச் சீட்டு வாங்கிக் கிட்டே போனவரையும் தர்ம தரிசன வரிசையில் தூர நின்றவரையும் பெருமாள் ஒரே கண்ணால் பார்க்கிறார் என்று நம்புகிறவர்கள் நாம். எங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் மலைப்பாறையிலேயே குடைந்த குகைக்குள் இருக்கிறார். அவரைச் சுற்ற வேண்டும் என்றால் மலையையே சுற்ற வேண்டும். அந்தப் பாதையில் முதலாளியும் கான்ட்ராக்ட் லேபரும் ஒரே வெயிலில்தான் நடக்கிறார்கள்.

அண்ணன் மகளுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். குடில் வேண்டாம். கிளப் வேண்டாம். பிள்ளைகள் ரொம்பக் கேட்டால் நீர்ப் பூங்காவுக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கு. பிள்ளைகளின் சந்தோஷம் வீண் செலவு ஆகாது. இலவச மணலில் நாள் முழுக்க இரு. அன்பளிப்பை நீக்காதே, முடிந்தால் அறை துடைப்பவர் கையில் கூடக் கொஞ்சம் கொடு, அவர் பெயரைக் கேட்டுக் கொடு. மிச்சமானதில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பு; இந்த மாசி மகத்துக்கு மாமல்லபுரத்தில் நான் சோறு போடுகிறேன்.

பணம் வந்துவிட்டது. அன்பளிப்பை அவள் நீக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாள். சிக்கனம் அறமா என்று இனி யாராவது என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: தன் ஆசையில் குறைத்து, பிறர் பங்கைக் குறைக்காமல், பொதுவானதைப் பொதுவாகவே விட்டுவைத்து, மிஞ்சியதைப் பிறருக்கு நகர்த்திவிடுகிறவனிடம் அது அறம். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அது வெறும் விலைக் குறைப்பு.