பஸீத்தும் முரக்கபும்

மன்திக், ஹிக்மத் பாடங்களில் அடிக்கடி வரும் இரு சொற்கள் பஸீத், முரக்கப். வேறொன்றும் கலவாதது பஸீத். பல சேர்ந்து உண்டானது முரக்கப். நம் நார்த்தாமலைக் கருங்கல்லை உடைத்து உற்றுப் பாருங்கள். கண்ணாடித் துகள்போல் குவார்ட்ஸ், வெளிறிய ஃபெல்ஸ்பார், மின்னும் அபிரகம் எல்லாம் தெரியும். கல்லும் முரக்கப்தான்!

யூனான் தேசத்து ஹகீம்கள் மண், நீர், காற்று, நெருப்பு நான்கையும் பஸீத் என்றார்கள். நாமும் அப்படியே ஓதினோம். மக்தப் வகுப்பில் ஒளூ பாடம் நடத்துகையில் பேச்சுவாக்கில் இதைச் சொல்ல, ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இருக்கிறதே?" என்றான். "கிதாபைவிட உனக்குத் தெரியுமோ?" என்று அதட்டி உட்கார வைத்துவிட்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நீர் கூட்டுப்பொருள் என்று லவாய்சியே 1783-லேயே அறிவித்துவிட்டார். ஹகீம்களின் கூற்றை தீனின் கூற்றாக்கியது நாமே. ஒளூவுக்கு நீர் பஸீத்தாக இருக்க வேண்டுமென்று ஃபிக்ஹில் ஷர்த்து ஏது? வெறும் 'தண்ணீர்' என்று சொல்லப்படும் சுத்தமான நீராக இருந்தால் போதும். உப்புக் கரிக்கும் கோட்டைப்பட்டினத்துக் கடல்நீரிலும் ஒளூ கூடுமே!

அறியாமையையும் உலமாக்கள் இப்படியே இரண்டாகப் பிரித்தார்கள். தனக்குத் தெரியாது என்று உணர்ந்தவனுடையது ஜஹ்லெ பஸீத். அவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். தெரியாததோடு, தெரியும் என்ற எண்ணமும் சேர்ந்துவிட்டால் ஜஹ்லெ முரக்கப். அன்று வகுப்பில் அது யாரிடம் இருந்தது?

மறுநாள் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும், அவன் சொன்னதே சரி என்றோம். சிறுவன் விடவில்லை. "அப்படியானால் நெருப்பு எதனால் ஆனது, ஹஜ்ரத்?"

"தெரியவில்லையப்பா, விசாரித்துச் சொல்கிறேன்" என்றோம்.