கை சொன்ன இறுக்கம்

காரின் ஸ்ரியரிங்கைக் கழற்றுவதைவிடத் திரும்பப் பூட்டுவது இலகு. கழற்றும்போது நாம் பயப்படுகிறோம். பூட்டும்போது வேலை முடிந்துவிட்டதென்ற நினைப்பு வந்துவிடுகிறது.

லவாலில், ஷோமெடிப் பக்கம், எங்கள் வீட்டு முன்வாசலில் வைத்துத்தான் அந்த வேலையைச் செய்தேன். பதினான்கு வருடம் ஓடிய ஜப்பான் கார். வெயிலும் குளிரும் மாறிமாறி அடித்து ஸ்ரியரிங்கின் தோல் உரிந்துபோய், வேலைக்குப் போய் இறங்கும்போதெல்லாம் உள்ளங்கையில் கறுப்புத்தூள் ஒட்டியிருக்கும். கராஜில் சொன்ன விலை காரின் பெறுமதியில் கால்வாசி வரும். பழைய கார் உடைக்கிற யார்டில் அதே மாடலின் ஸ்ரியரிங் 60 டொலருக்குக் கிடைத்தது. ஓர் ஓகஸ்ட் மாத ஞாயிறு பின்னேரம் யூரியூப்பில் மூன்று வீடியோ பார்த்துவிட்டுத் தொடங்கினேன்.

முன்சில்லுகளை நேராக நிறுத்த வேண்டும். பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்ற வேண்டும். கழற்றியவுடன் கை வைக்கக்கூடாது. எயார்பாக்கின் மின்சுற்றில் தேங்கியிருப்பது வடியும்வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் நாள்தோறும் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு ஓடுகிற அந்தப் பைக்குள் சிறியதொரு வெடிமருந்து இருக்கிறது. மோதினால் ஒருதரம் கண் இமைப்பதற்குள் அது விரிந்து முடிந்துவிடும். அதைக் கழற்றி வைக்கும்போதுகூட முகப்புப் பக்கம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். கவிழ்த்து வைத்து, தற்செயலாக வெடித்தால், முழுப்பாகமும் எகிறிப் பறக்கும். அதற்குப் போகும் வயர்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது அதனால்தான். பின்னால் கடிகாரச் சுருள்போல ஒரு நாடாவயர் சுருண்டிருக்கும். அது நடுவிலிருந்து விலகினால், பிறகொருநாள் முழுதாகத் திருப்பும்போது அறுந்துபோகும். கடைசியாக நடுவில் ஒரு நட். அதையும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது. இரண்டு மூன்று புரியில் விட்டுவைத்து இழுத்தால்தான் ஸ்ரியரிங் முகத்தில் வந்து அடிக்காது.

எல்லாவற்றையும் கவனமாகச் செய்தேன். தண்டிலும் ஸ்ரியரிங்கிலும் வெள்ளைப் பேனாவால் குறிகூடப் போட்டேன். புதியதைப் பூட்டப் போனபோதுதான் அந்தக் குறியில் பாதி பழைய ஸ்ரியரிங்கோடு போய்விட்டது விளங்கியது.

அந்த நட்டை 50 நியூட்டன் மீற்றர் முறுக்கில் இறுக்க வேண்டும் என்று காரின் திருத்தக் கைநூலில் இருந்தது. அதை அளந்து இறுக்குகிற ரோர்க் றெஞ்ச் என்னிடம் இருக்கவில்லை. வாங்க 90 டொலர். 60 டொலர் ஸ்ரியரிங்குக்கு 90 டொலர் ஆயுதமா? சாதாரண சொக்கற்றைப் போட்டு, கால் ஊன்றி, பலமாக ஒரு இழுவை. "கைக்குத் தெரியும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டு மூடியைப் பூட்டினேன்.

அந்தச் சொல் மாமாவுடையது. யாழ்ப்பாணத்தில் அவரிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமற் போனபோது, ஊரில் மற்ற வாகனங்களைப் போல அதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். எதையும் அவர் அளந்தது கிடையாது. விரலும் காதும் மூக்கும்தான் அவருடைய கருவிகள். அந்தத் தலைமுறையின் கைகளைப் பற்றி நாங்கள் இங்கே பெருமையாகக் கதைக்கிறோம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காரில் ஏறிய எவருக்கும் அது எப்படி ஓடுகிறதென்று தெரியும். போத்தல் கண்முன்னே தொங்கியது. புகை மணத்தது. ஏறியவர் தெரிந்துகொண்டுதான் ஏறினார்.

என் ஸ்ரியரிங்கை அப்படிச் சொல்ல முடியாது. மூடியைப் பூட்டியதும் என் வேலை கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. பார்க்கிற எவருக்கும் அது கொம்பனியில் பூட்டியது மாதிரித்தான் தெரியும். நேரே ஓடும்போது ஒரு விரல் அகலம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது மட்டும்தான் அடையாளம். அதையும் சில்லு அலைன்மென்ற் பிழை என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஒரு பனிக்காலம் முழுக்க ஓடினேன். ஒன்றும் நடக்கவில்லை. மே மாதம் அந்தக் காரை 2,600 டொலருக்கு ஒரு பெடியனுக்கு விற்றேன். நாட்டிலிருந்து வந்து எட்டு மாதம். இரவில் பொருட்கிடங்கில் வேலை. பஸ் இல்லாத நேரத்தில் முடியும். கியூபெக்கில் சொந்தப் பாவனைக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. வாங்குகிறவர் விரும்பினால் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவன் காட்டவில்லை. ரயரை ஒருதரம் காலால் தட்டினான். "அண்ணை, எல்லாம் ஓகேதானே?" என்றான்.

"ஒண்டும் இல்லைத் தம்பி. நான் ஓடின கார்."

பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் அதை முழுதாக நம்பினேன். சிக்கலே அதுதான்.

மூன்று கிழமை கழித்துச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையை, என் கைத்திறமையும் வெளிப்படும் விதமாக, மகளிடம் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள். "அவருக்குச் சொன்னனீங்களா அப்பா, நீங்களே மாத்தினது எண்டு?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அது வீஸ் காஷே" என்றாள். மறைந்த குறைபாடு. கியூபெக் குடியியல் சட்டத்தில் உள்ள விஷயம். தனியாள் தனியாளுக்கு விற்றாலும், கண்ணுக்குத் தெரியாத பாரதூரமான குறைபாட்டுக்கு விற்றவர் பொறுப்பு; தெரிந்துகொண்டு மறைத்தால் பொறுப்பு இன்னும் கூடும். ஆங்கில மாகாணங்களில் வளர்ந்த எங்கள் உறவினருக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். இங்கே வீடு வாங்கிய எல்லோரும் ஒருதரமாவது உச்சரித்திருப்பார்கள்.

"அதில குறைபாடு ஒண்டும் இல்லையே" என்றேன்.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பதில் எவ்வளவு பெறும் என்பதை லவால்காரர் அறியாமல் இருக்க முடியாது. வேலைக்குப் போகும் வழியில் டெ லா கொன்கோர்ட் வீதியில் 19ஆம் நெடுஞ்சாலைக்கு மேலாகப் போகிறேன். அங்கே 1970இல் கட்டிய பாலம் 2006 செப்ரெம்பர் 30, ஒரு சனிக்கிழமை நண்பகல் கடந்த வேளையில், இடிந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். முன்னாள் முதல்வர் பியர் மார்க் ஜோன்சன் தலைமையிலான ஆணைக்குழு அடுத்த வருடம் அறிக்கை தந்தது. வடிவமைப்பில் பலவீனம், தரம் குறைந்த கொங்கிறீற், எல்லாவற்றோடும் உள்ளே போட்ட இரும்புக் கம்பிகள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை. கம்பியை வைத்தார்கள், கொங்கிறீற்றை ஊற்றினார்கள், மூடினார்கள். 36 வருடம் அதன் மேலால் வாகனங்கள் போய்வந்தன. விழுந்த அன்றுகூட, கொங்கிறீற் துண்டுகள் உதிர்கின்றன என்று தகவல் வந்து, போக்குவரத்து அமைச்சின் ஊழியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். உடனடி ஆபத்தாக அவருக்குத் தெரியவில்லை. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் பாலம் இல்லை. தனியொருவர் மீதோ ஒரு நிறுவனத்தின் மீதோ முழுப்பொறுப்பையும் சுமத்த முடியாது என்றது ஆணைக்குழு. கம்பி வைத்தவர் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கும் கை ஏதோ சொல்லியிருக்கும்.

36 வருடம் ஒன்றும் நடக்காதது எதையும் நிரூபிக்கவில்லை என்றால், என்னுடைய ஒரு பனிக்காலம் எதை நிரூபிக்கும்?

வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு கப்பற்காரன் வருகிறான். அவனுடைய கப்பல் பழசு. பலதரம் திருத்தப்பட்டது. கடலுக்கு ஆகுமா என்று அவனுக்கே சந்தேகம். பரிசோதித்தால் செலவு. ஆகவே சந்தேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குகிறான்: எத்தனை புயலைத் தாண்டிய கப்பல், இதையும் தாண்டும். கடைசியில் மனதார நம்பிவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் காப்புறுதிப் பணத்தை வாங்கிக்கொள்கிறான். அவன் நம்பியது உண்மைதான், ஆனால் அப்படி நம்ப அவனுக்கு உரிமை இருக்கவில்லை என்கிறார் கிளிஃபோர்ட். அதோடு விடவில்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் செய்தது அதே பிழைதான் என்கிறார். (இதை எழுதுவதற்குச் சில வருடம் முன்பு, சிசிலிக்கருகே ஒரு கப்பல் விபத்தில் அவரே உயிர் தப்பியவர்.)

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் யாரென்றால், சொந்த நாட்டைவிட்டுப் பிழைப்புத் தேடிக் குடிபெயரும் குடும்பங்கள். அதை வாசித்தபோது எனக்கு அது தத்துவ உதாரணமாகப் படவில்லை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீனவர்கள் கண்டெடுத்த 155 பேர் எங்கள் ஆட்கள். நானே ஒரு ஏஜென்சிக்காரனை நம்பித்தான் வெளிக்கிட்டேன். "பயப்பிடாதேங்கோ, எல்லாம் ஒழுங்கு" என்றான். அவனைப் பொய்யன் என்றுதான் முப்பது வருடமாகச் சொல்லிவந்தேன். அவனும் தன் சொல்லை நம்பியிருக்கக்கூடும் என்று முதன்முதலாகத் தோன்றியது. "நான் ஓடின கார்" என்றபோது என் குரல் எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்தேன்.

கிளிஃபோர்ட் கடுமையானவர்தான். எல்லாவற்றையும் சோதித்துத்தான் நம்ப வேண்டுமென்றால் காலையில் மெற்றோவில் ஏற முடியாது. 1896இல் வில்லியம் ஜேம்ஸ் அவருக்கு எழுதிய மறுப்பில், சான்று போதாத இடத்திலும் நம்பத் துணிவதற்கு நமக்கு உரிமை உண்டு என்று வாதிட்டார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஜேம்ஸைத்தான் பிடிக்கும்; சான்று பார்த்து வந்தவர் எவருமில்லை. ஆனால் அது என் கழுத்தை நான் பணயம் வைப்பதற்கு. அந்த ஸ்ரியரிங்கை நான் பிடித்து ஓடியவரை ஜேம்ஸ் போதும். சாவியை இன்னொருவன் கையில் கொடுத்த பிறகு கிளிஃபோர்ட்தான் கேட்பார்.

சட்டமும் கேட்காது. கியூபெக்கில் 1978இலிருந்து, வாகன விபத்தில் உடற்காயம் பட்டவர்களுக்கு யார் பிழை என்று பாராமல் அரச காப்புறுதிதான் பணம் கொடுக்கிறது. காயப்பட்டவர் மற்றவர்மேல் வழக்குப் போட முடியாது. நல்ல ஏற்பாடு, நான் அதன் பக்கம்தான். ஆனால் அந்த நட் கழன்று அவன் மதகில் போய் மோதியிருந்தால், பிழை யாருடையது என்ற கேள்வி குற்றவியல்வரை போனால் ஒழிய, என்னைத் தவிர வேறு எவரிடமும் இருந்திருக்காது.

ரோர்க் றெஞ்சை வாங்கினேன். ஜூனில் ஒரு ஞாயிறு அவன் இருந்த இடத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னபோது சிரித்தான். "இதுக்கே அண்ணை இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" பற்றறியைக் கழற்றிக் காத்திருக்கும் நேரத்தில் தேத்தண்ணி போட்டுத் தந்தான். எயார்பாக்கை எடுத்து, வானத்தைப் பார்க்கப் பின்சீற்றில் வைத்தேன். றெஞ்சை 50இல் வைத்து நட்டில் போட்டேன். அசையாமல் "டிக்" என்று கேட்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். நட் அசைந்தது. ஏறத்தாழ எட்டிலொரு சுற்றுப் போய்த்தான் டிக் என்றது.

எட்டிலொரு சுற்று ஆபத்தா இல்லையா என்று அவன் கேட்டான். தெரியாது என்றேன். பத்து மாதம் அப்படியே ஓடியிருக்கிறது என்றும் சொல்ல வந்தேன், சொல்லவில்லை. ஸ்ரியரிங்கையும் ஒரு பல் தள்ளி நேராக்கிப் பூட்டிக் கொடுத்தேன். அவன் இப்போது சிரிக்கவில்லை. போகும்போது "தாங்ஸ் அண்ணை" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த கிழமை ரெலிபோன் எடுத்தான். காரை ஒரு கராஜில் முழுதாகச் சோதிக்கக் கொடுத்தானாம். ஸ்ரியரிங் சரியாக இருக்கிறதாம். பின்பிறேக் தேய்ந்திருக்கிறதாம், அது எனக்குத் தெரியவே தெரியாது. நான் பூட்டிக் கொடுத்த பிறகும் இன்னொருவனிடம் காட்டியிருக்கிறான் என்பது கொஞ்சம் சுட்டது.

சோதனைக்கு எவ்வளவு என்று கேட்டேன். 80 என்றான். பாதியை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். "சரி அண்ணை" என்றான்.

அன்றிரவே அனுப்பினேன்.