பார்ப்போரின் யானையும் பயிரிடுவோரின் யானையும்

கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைத் துறைமுகத்தை வந்தடையும் நெடுஞ்சாலை, இன்று காட்டுயிர்களைக் காண வருவோரின் பாதையாகவும் ஆகிவிட்டது. தெற்கே சிங்கராஜ மழைக்காட்டில் பறவைகளைத் தேடியவர்கள், வடகிழக்கே வந்து மின்னேரியாவிலும் கவுடுல்லையிலும் யானைக் கூட்டங்களைக் காண்கிறார்கள். பின்னர் திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களையும், நிலாவெளிக்கு அப்பால் புறாமலையைச் சூழ்ந்த பவளப் பாறைகளையும், பருவம் வாய்த்தால் ஆழ்கடலில் மூச்செறியும் நீலத் திமிங்கிலங்களையும் கண்டு திரும்புகிறார்கள். ஒரு சிறு தீவில், ஒரே வாரத்தில், இத்தனை வகை உயிர்களைக் காண முடிவது அரிய பேறுதான். அதை எண்ணி நாம் பெருமை கொள்வதிலும் தவறில்லை.

ஆனால் அதே சாலையின் இருமருங்கிலும் வேறொரு மக்கட் கூட்டம் வாழ்கிறது. கந்தளாய், தம்பலகாமம், மொறவெவ, சேருவில, மூதூர், வெருகல் ஆகிய பகுதிகளின் உழவர்கள், கதிர் முற்றும் காலத்தில் இரவு முழுதும் பரணில் விழித்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு ஜீப் வண்டியிலிருந்து ஒருவர் வியந்து நோக்கும் யானை, இரவு பதினொரு மணிக்கு இன்னொருவரின் வரப்பில் வந்து நிற்கிறது. முன்னவருக்கு அது அழகு. பின்னவருக்கு அது கடன்பட்டு விதைத்த நெல்லின் அழிவு. சில வேளைகளில் உயிருக்கே முடிவு. இந்த வேறுபாட்டை ரசனை வேறுபாடு என்று சொல்லிவிட முடியாது. முன்னவர் பார்த்துவிட்டுப் போகலாம். பின்னவர் போக இடமில்லை.

எனவே கேள்வி இதுதான்: காட்டுயிரைக் கண்டு களிக்கும் இன்பத்திற்கு ஒரு விலை உண்டென்றால், அந்த விலையைச் செலுத்த வேண்டியவர் யார்?

இதற்கு விடை தேடுமுன் சிறிது வரலாற்றைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட ஆங்கிலேயருக்கு யானை ஒரு வேட்டைப் பொருள். 1845 இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி ஏறக்குறைய 1,400 யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறப்படுகிறது. அரசோ யானையைக் கொன்றவர்க்கு வெகுமதி வழங்கியது. குடியேற்ற அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் 3,500 க்கும் மேற்பட்ட யானைகளுக்கு வெகுமதி வழங்கப்பட்டதாக 1859 இல் வெளிவந்த தமது நூலிலே எழுதி வைத்தார். அதே காலத்தில் மலைநாட்டுக் காடுகள் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக அழிந்தன. மலையில் வாழ்ந்த யானை இடமிழந்தது. பசியால் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி, அந்தத் தோட்டத்தின் லயத்திலே அடைபட்டான். இரண்டும் ஒரே இலாபக் கணக்கின் இரண்டு பக்கங்கள்.

பிறகு காலம் மாறியது. 1937 இல் விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்தின்பின் உலர் வலயத்தில் குடியேற்றத் திட்டங்கள் பெருகின. மகாவலித் திட்டம் காட்டை மேலும் ஊடறுத்தது. அதற்கு ஈடுபோலச் சில காடுகள் தேசியப் பூங்காக்களாயின. திருகோணமலை மாவட்டத்தை ஒட்டிய சோமாவதி அவ்வாறு 1986 இல் பூங்காவானது. 1983 இல் மாதுறு ஓயா பூங்காவாக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர்கள் வெளியேறும்படி கேட்கப்பட்டார்கள். தம்பானையின் முதியவர் திசாஹாமி அசைய மறுத்தார். காட்டை அழித்த துப்பாக்கியும் கோடரியும் அவருடையவை அல்ல. ஆயினும் காட்டைக் காப்பதற்கு அவரை அகற்ற வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது! மூதூரிலும் வெருகலிலும் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்களும் காட்டுரிமை என்ற சொல்லின் கசப்பை அறியாதவர்களல்லர்.

போரும் இக்கதையில் ஓர் அத்தியாயம். மக்கள் ஓடிப்போன ஊர்களில் காடு வளர்ந்தது. காட்டோடு யானையும் வந்தது. 2009 இன் பின் திரும்பியோரில் பலர், வடக்கிலும் கிழக்கிலும், தம் வயலும் மேய்ச்சல் தரையும் காட்டு நிலமென எல்லைக்கல் இடப்பட்டிருக்கக் கண்டனர். துப்பாக்கிக்கு அஞ்சி விட்டுச்சென்ற நிலத்தை வர்த்தமானியிடம் இழப்பது எத்தகைய நீதி?

இவ்வளவும் சொன்னபின், நம்மவருள் சிலர் உடனே ஒரு தீர்ப்புக்கு வந்துவிடுவார்கள்: "மனிதன் முதலில்; யானை பிறகு." கேட்பதற்கு இது முற்போக்கான குரல்போல் ஒலிக்கிறது. சற்று நின்று சிந்திப்போம். மலைநாட்டுக் காடு அழிந்தபோது முதலில் வைக்கப்பட்ட மனிதன் யார்? பசித்தவனா, பங்குதாரனா? "மனிதன்" என்ற பொதுப்பெயரின் பின்னே ஒளிந்துகொண்டு இலாபம் தன் வேலையைச் செய்த கதையல்லவா அது! மேலும், யானையின் துன்பம் நம் தத்துவத்துக்காகக் காத்திருப்பதில்லை. காய்க்குள் மறைத்துவைத்த 'ஹக்கபட்டாஸ்' வெடியைக் கடித்த யானைக்கன்று, தாடை சிதைந்து, உண்ணவும் குடிக்கவும் மாட்டாமல் நாட்கணக்கில் செத்துக்கொண்டிருக்கிறது. 2025 பெப்ரவரி 20 ஆம் நாள் ஹபரணைக்கு அருகே புகையிரதம் மோதி ஒரே கூட்டத்தின் ஆறு யானைகள் மாண்டன. 2011 இல் எடுத்த கணக்கெடுப்பில் இத்தீவின் காட்டு யானைகள் 5,879. 2019 என்ற ஓராண்டில் மட்டும் 400 க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானை தாக்கி 100 க்கும் மேற்பட்ட மனிதர் மாண்டனர். இரண்டு எண்களையும் ஒருசேர நோக்காதவன் பாதி உண்மையையே பேசுகிறான்.

வேறு சிலர் கணக்குப் புத்தகத்தோடு வருகிறார்கள். யானை அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. ஆகவே அதைக் காப்போம் என்கிறார்கள். முதலில், அந்த வருமானம் விடுதிக்கும் வண்டிக்கும் திறைசேரிக்கும் போகிறது. பரணில் விழித்தவனின் கைக்கு அதில் வருவது அரிது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வருமானத்துக்காகக் காக்கப்படும் உயிர், அதைவிடக் கூடுதலான வருமானம் வேறொன்றில் தோன்றும் நாள்வரைக்குமே காக்கப்படும். மின்னேரியாக் குளத்தின் நீர் கோடையில் வற்ற, வெளிப்படும் புற்றரையில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது உலகப் புகழ் பெற்ற காட்சி. 2018 இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் இயங்கத் தொடங்கியபின், கோடையிலும் குளத்தில் நீர் நிறைந்து அந்தப் புற்றரை நீரில் மூழ்கியது. நீரை வேண்டியவனும் உழவனே. ஆகையால் திட்டத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. விலைப்பெறுமதியையே நீதியாகக் கொண்டால், எந்த உயிருக்கும் நிலையான காப்பில்லை என்பதே இங்கு கற்கவேண்டிய பாடம். வாழும் உரிமை யானைக்கு அது வாழ்கிறது என்பதனாலேயே உண்டு.

அப்படியானால் இரண்டு உரிமைகள் ஒரே வயலில் மோதும்போது என் செய்வது? நம் பழம்புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன புறநானூற்று அறிவுரையை ஆசிரியர்கள் வகுப்பில் நடத்தியிருப்பார்கள். நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே புகுந்தாலோ, அது தின்பதைவிட மிதித்து அழிப்பது மிகுதி. புலவர் பேசியது வரியைப் பற்றி. யானை அங்கே வெறும் உவமை. இன்று உவமை தலைகீழாகி நிற்கிறது. யானையே வரியாகிவிட்டது! காட்டுயிரைக் காக்கும் பெருமை நாடு முழுவதற்கும் உரியது. அதற்கான வரியோ, வயலின் ஓரத்தில் குடியிருக்கும் ஏழை ஒருவனிடமிருந்து, முறையின்றி, இரவிலே, தண்டப்படுகிறது.

அந்த அறிவுரையிலேயே தீர்வின் சாயலும் இருக்கிறது. நீண்ட காலமாக மின்வேலிகள் வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லையிலே நடப்பட்டன. அப்பாலும் வனபரிபாலனத் திணைக்களத்தின் காடு இருந்தபடியால், பல இடங்களில் வேலியின் இரு பக்கமும் யானை! யானைகளைத் துரத்திப் பூங்காவுக்குள் அடைத்த இடங்களிலே, அவை பட்டினியால் மெலிந்தன. குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவப் பகுதியில் வேறொரு முறை பின்பற்றப்பட்டது. வயலைச் சுற்றி உழவர்களே வேலி அமைத்துப் பேணுகிறார்கள். அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கிறார்கள். பின்னர் யானை வந்து தாளை மேய்ந்து போகிறது. 2020 இல் உருவான தேசியச் செயற்றிட்டமும் இத்தகைய ஊர்வேலி, வயல்வேலிகளையே வலியுறுத்தியது. நிலத்தைக் கூறுபோட முடியாத இடத்தில் காலத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் அறம் இது. விளைச்சற்காலம் உழவனுக்கு, தாள் நிற்கும் காலம் யானைக்கு.

ஆயினும் வேலிக்குரிய கம்பிக்கும் மின்கலத்துக்கும் பணம் தரவேண்டியவர் யார்? நமது கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. யானையால் மகிழ்பவரும் பெருமை பெறுபவரும் பொருளீட்டுபவரும் தரவேண்டும். பூங்கா வாயிலில் பெறும் கட்டணத்தின் ஒரு பங்கு, அந்தப் பூங்காவின் விளிம்பிலுள்ள ஊர்களின் வேலிக்குப் போகட்டும். பயிரிழந்தவனையும் தந்தையை இழந்த பிள்ளைகளையும் கந்தோர் கந்தோராக அலையவிடாமல் இழப்பீடு உரிய காலத்தில் சேரட்டும். இதைத் தருமமாகக் கேட்கவில்லை. தண்டிய வரியைத் திருப்பிக் கேட்கிறோம்.

காட்டுயிரைக் காணும் இன்பம் குற்றமன்று. தன்னிலும் பெரிய உயிரொன்றின்முன் மனிதன் வாயடைத்து நிற்கும் கணம் அவனை உயர்த்தவே செய்யும். ஆனால் யானையைக் கண்டு, அதன் பின்னே பரணில் எரியும் சிறு விளக்கைக் காணாத கண் பாதிக் குருடு. மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களே, கவுடுல்லையின் யானையைக் காட்டுங்கள். காட்டியபின் வண்டியைக் கந்தளாயின் ஒரு வயலோரத்திலும் நிறுத்துங்கள். அங்கே உழவன் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கட்டும்.