வேண்டாம் என்றவரே பேசப் போனார்

டாக்டர் ஜான் செபாஸ்டியன் ஹெல்ம்கன் லண்டன்காரர். கைஸ் ஆஸ்பத்திரியில் படித்தவர். ஹட்சன்ஸ் பே கம்பெனியின் சர்ஜனாக 1850-ல் வான்கூவர் தீவின் விக்டோரியா கோட்டைக்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 25. இரண்டே வருடத்தில் கவர்னர் ஜேம்ஸ் டக்ளஸின் மகள் சிசிலியாவைக் கைப்பிடித்தார். கோட்டைக்குப் பக்கத்திலேயே மரக்கட்டைகளை அடுக்கி அவர் கட்டிய வீடு இன்றும் அங்கே நிற்கிறது. உள்ளே அவருடைய மருந்துப் பெட்டியையும் பார்க்கலாம்.

1856-ல் தீவுக்கு ஒரு சட்டசபை வந்தது. மொத்தம் ஏழே உறுப்பினர்கள். சபாநாயகர் நம் டாக்டர். மாமனார் கவர்னர், மருமகன் சபாநாயகர்! இன்றைக்கென்றால் டீக்கடைகளில் வேறு பேச்சே இருக்காது.

பிறகு, தீவையும் உள்ளடக்கிய பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு சேர்வதா என்ற கேள்வி எழுந்தது. டாக்டருக்கு அதில் இஷ்டமில்லை. நடுவே மலைத்தொடர், ஆயிரக்கணக்கான மைல் வெற்றுவெளி. கனடாவின் சுங்கவரி இங்கே ஒத்துவராது, என்றாவது அமெரிக்காதான் எல்லாவற்றையும் விழுங்கப் போகிறது என்று 1870-ல் சபையிலேயே பேசினார். கவர்னர் ஆன்டனி மஸ்கிரேவ் கெட்டிக்காரர். ஒட்டாவாவுக்குப் பேரம் பேச அனுப்பிய மூவரில் இவரையும் சேர்த்துவிட்டார். சேர்ந்தே தீரவேண்டும் என்று துடிப்பவர் விலை பேசுவாரா? சந்தேகப்படுகிறவர்தான் ஒவ்வொரு ஷரத்தையும் தட்டிப் பார்ப்பார். இவர்கள் கேட்டது வண்டிப்பாதையும், ரயில் வேலைக்கு ஒரு தொடக்கமும். கிடைத்ததோ பத்தாண்டுக்குள் ரயில் பாதையையே முடித்துத் தருகிறோம் என்ற வாக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடனையும் கனடா ஏற்றுக்கொண்டது. 1871 ஜூலை 20-ல் இணைப்பு முடிந்தது.

அடுத்து முதலமைச்சர் பதவி, செனட் பதவி என்று ஒவ்வொன்றாகத் தேடி வந்தன. இரண்டையும் மறுத்துவிட்டார். சிசிலியா 1865-லேயே இறந்துவிட்டார். வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள். இதைத் தியாகம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அரசியலும் அவருக்கு ஒரு கேஸ். பார்த்து முடித்ததும் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார், அவ்வளவுதான்.

1881-க்குள் முடிந்திருக்கவேண்டிய ரயில் பாதைக்குக் கடைசி ஆணி அடித்தது 1885 நவம்பரில். அதே ஆண்டு உருவான மாகாண மருத்துவச் சங்கத்துக்கு ஹெல்ம்கன் தலைவராக இருந்தார். அந்தப் பதவியை மட்டும் அவர் மறுக்கவில்லை.